முதலில் நீங்கள் யார், அதைச் சொல்லுங்கள்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். நான் தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், ஆன்லைன் விண்ணப்பங்களும் போட்டுக் கொடுப்பேன். அதனால் நம்ம பக்கத்து ஜனங்களின் ஆதார், பான் கார்டு, பாஸ்புக், பென்ஷன் காகிதம் எல்லாம் தினமும் என் கைக்கு வந்து போகிறது. இன்றைக்கு நான் பேச வந்தது இந்த 'வெரிஃபிகேஷன்' போன்களைப் பற்றித்தான். பேங்கிலிருந்து பேசுகிறேன், கேஒய்சி காலாவதியாகிவிட்டது, சிம் கட்டாகிவிடும், பில் அப்டேட் ஆகவில்லை, இன்று ராத்திரி கரண்ட் நின்றுவிடும் என்று ஆளாளுக்கு வருகிறதே, அதே போன்கள்தான்.

இவர்கள் எல்லாரும் நம்மைப் பார்த்து, நீ யார் என்று நிரூபி என்கிறார்கள். நாமும் பதறிப்போய் பெயர், பிறந்த தேதி, ஆதார் நம்பர், கடைசியில் ஓடிபி வரைக்கும் ஒப்பித்துவிடுகிறோம், எதிர்முனையில் பேசுவது யார் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. போன் போட்டது அவர், ஆகவே தான் யார் என்று காட்ட வேண்டியவரும் அவர்தான்.

"இல்லப்பா, என் விவரமெல்லாம் கரெக்டா சொன்னாங்களே" என்று கடையில் நிறைய பேர் சொல்வார்கள். போன மழைக்காலத்தில் ஒரு பெரியவர், துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், போனைக் காதிலிருந்து எடுக்காமலே கடைக்குள் வந்தார். ஆதாரை நீட்டி, ஸ்கேன் பண்ணி வாட்ஸ்அப்பில் அனுப்பு என்று கையாலேயே ஜாடை காட்டினார். யாருக்கு ஐயா என்றதும் உதட்டின் மேல் விரலை வைத்தார். போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டேன். நல்ல தமிழ், வார்த்தைக்கு வார்த்தை ஐயா. அவருடைய பென்ஷன் நம்பர், வேலையில் சேர்ந்த தேதி, ஓய்வு பெற்ற தேதி எல்லாம் மடமடவென்று சொல்கிறான். உயிரோடு இருக்கிறார் என்று காட்டுகிற ஆயுள் சான்று பதிவாகவில்லை, இப்போது வெரிஃபை பண்ணாவிட்டால் அடுத்த மாதம் பணம் வராது, "பக்கத்துல யாரு இருக்கா? யார்கிட்டயும் பேசாதீங்க, லைன்லயே இருங்க." சார், நீங்க எந்த ஆபீஸ், நாங்க நேர்லயே வந்துடறோம் என்றேன். கட் பண்ணிவிட்டான். அப்புறமும் பெரியவருக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை, "பென்ஷன் நின்னுடுமா தம்பி?" என்றுதான் கேட்டார். அந்த பயத்தை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள், எனக்கு வயிறு எரிகிறது.

நம் விவரங்கள் எங்கெங்கோ இருந்து கசிந்து விலைக்குப் போகின்றன. ஒருவனுக்கு உங்கள் ஜாதகமே தெரியும் என்பதால் அவன் பென்ஷன் ஆபீஸ் ஆளாகிவிட மாட்டான். வாட்ஸ்அப் படத்தில் போலீஸ் சின்னம் வைப்பதும், கூப்பிடுகிறவர் பெயரைக் காட்டுகிற ட்ரூகாலர் ஆப்பில் பேங்க் பெயர் வருகிற மாதிரி செய்வதும் அவர்களுக்கு ஒரு வேலையே இல்லை.

பெரம்பூர், ஐசிஎஃப் பக்கம் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள், உங்களுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன். ஆயுள் சான்று நவம்பரில் நீங்களாகப் போய்க் கொடுப்பது. ஜீவன் பிரமாண் என்கிற டிஜிட்டல் முறையில் கைரேகை வைத்தோ, போனில் முகத்தைக் காட்டியோ செய்யலாம், தபால்காரர் வீட்டுக்கே வந்தும் செய்து தருவார். யாரோ ஒருவர் போனில் ஓடிபி வாங்கி உங்கள் உயிருக்குச் சான்று கொடுப்பதெல்லாம் கிடையாது.

அப்படியானால் போன் வந்தால் என்ன செய்வது? கட் பண்ணுங்கள். நம்ம பக்கத்தில் ஆபீசர் என்று யாராவது சொன்னாலே பாதிப் பேர் எழுந்து நின்றுதான் பேசுவோம், பெரிய மனுஷர் பேசும்போது எப்படி வைப்பது என்று கூச்சம் வேறு. கூச்சமே வேண்டாம். வைத்துவிட்டு, ஏடிஎம் கார்டுக்குப் பின்னால் அச்சடித்திருக்கிற நம்பருக்கு நீங்களே போன் போட்டுக் கேளுங்கள், அல்லது எம்.சி. ரோடு போகிறபோது பேங்கில் ஒரு எட்டு நுழைந்து கேட்டுவிடுங்கள். கூகுளில் தேடி எடுத்த கஸ்டமர் கேர் நம்பர் மட்டும் வேண்டாம், அதிலும் போலி உண்டு. பேங்குகள் பணப் பரிமாற்றம் சம்பந்தமாகக் கூப்பிட 1600 வரிசை எண்களைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று ரிசர்வ் பேங்க் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. சாதாரண பத்து இலக்க மொபைலிலிருந்து வரும் 'பேங்க் மேனேஜர்' மேல் சந்தேகம் வர இதுவே போதும். யார் கூப்பிட்டாலும் ஓடிபி சொல்லக் கூடாது, அது வேறு விஷயம். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் போடவே தேவையில்லை, போடச் சொன்னால் உங்கள் பணம் வெளியே போகப் போகிறது என்று அர்த்தம். வாட்ஸ்அப்பில் டிராஃபிக் சலான், கேஒய்சி என்று ஏபிகே ஃபைல், அதாவது போனில் ஆப்பை ஏற்றுகிற ஃபைல், வந்தால் தொடாமல் அழித்துவிடுங்கள், அது உங்கள் போனுக்கு வருகிற ஓடிபியையே அவனுக்கு அனுப்பிவிடும்.

அடுத்தது இந்த 'டிஜிட்டல் அரெஸ்ட்'. உங்கள் ஆதாரில் போதைப் பொருள் பார்சல் வந்திருக்கிறது, வீடியோ காலை விட்டு நகரக் கூடாது என்று மிரட்டுவார்கள். சட்டத்தில் அப்படி ஒரு கைதே இல்லை. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே இதே வானொலியில், மன் கி பாத் உரையில், அதைச் சொன்னார். போலீஸ் விசாரிக்க வேண்டுமானால் நோட்டீஸ் வரும், ஸ்டேஷன் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். யாரிடமும் பேசாதே என்று ஒருவன் சொன்ன அந்த நொடியே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிடுங்கள்.

என் கடை விஷயமும் ஒன்று. சரியாக விழாத ஆதார் ஜெராக்ஸை மேஜை மேலேயே போட்டுவிட்டுப் போகிறீர்கள். கேட்டு வாங்கிக் கிழித்துப் போடுங்கள். கொடுக்கிற ஜெராக்ஸின் மேல் தேதியும் எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதும் குறுக்கே எழுதுங்கள். கடைசி 4 இலக்கம் மட்டும் தெரிகிற 'மாஸ்க்டு ஆதார்' இருக்கிறது, நிறைய இடங்களுக்கு அதுவே போதும். கைரேகையை ஆதார் இணையதளத்தில் பூட்டியும் வைக்கலாம், ஆனால் ரேஷன் கடையில் விரல் வைக்கிறவர்கள் போவதற்கு முன் திறந்துகொண்டு போங்கள், இல்லையென்றால் வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம், உங்களுடையது இல்லாததை அங்கேயே புகாரும் செய்யலாம்.

இவ்வளவுக்கும் பிறகு பணம் போய்விட்டதா? பிள்ளைகள் திட்டுவார்களே, தெருவில் தெரிந்தால் அசிங்கமாயிற்றே என்று மூடி மறைக்காதீர்கள். ஏமாற்றியவன் அல்லவா வெட்கப்பட வேண்டும்! பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், வழியில் நிறுத்த வேண்டுமானால் அந்த நிமிஷமே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் செய்ய வேண்டும். அப்புறம் பேங்குக்குச் சொல்லிக் கார்டையும் கணக்கையும் முடக்குங்கள், பிறகு சைபர் கிரைம் இணையதளத்தில் எழுத்துப் புகார். புகார் போடத் தெரியாவிட்டால் எந்த இ-சேவை மையத்திலாவது, என் மாதிரிக் கடையிலாவது உட்கார்ந்து போடச் சொல்லுங்கள். பணம் போன எஸ்எம்எஸ்ஸை மட்டும் ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள், யுபிஐயில் போயிருந்தால் அதில் 12 இலக்க நம்பர் ஒன்று இருக்கும், புகாருக்கு அது வேண்டும்.