தண்ணீரில் ஈயத்தைத் தேடும் காந்தத் துகள்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காட்மியத்துக்கு இன்னும் கறார்: 3 மைக்ரோகிராம்தான். 10 மைக்ரோகிராம் என்றால் நூறு கோடிப் பங்கு தண்ணீரில் பத்துப் பங்கு. கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. உலோகத்தை அளக்கப் பல ஆய்வகங்களில் இருக்கும் சாதாரண அணு உறிஞ்சல் கருவிக்கும் இது சரியாக எட்டாது. கடல்நீர் போல உப்பு மிகுந்த நீர் என்றால் விலை உயர்ந்த கருவிகூடத் திணறும்.

அதனால் முதலில் உலோகத்தை மட்டும் பிரித்தெடுத்துச் செறிவாக்க வேண்டியிருக்கிறது. இங்கேதான் காந்தத் துகள்கள் வருகின்றன. இவை மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடின் நானோ துகள்கள். மேலே சிலிக்கா பூச்சு, அதன் மேல் கந்தகம் கொண்ட தயால் தொகுதிகள். பாதரசம், காட்மியம், ஈயம் எல்லாம் கந்தகத்தோடு ஒட்டிக்கொள்ளும். சோடியமும் கால்சியமும் பெரும்பாலும் அப்படியே போய்விடும்.

அரை லிட்டர் தண்ணீரில் இந்தத் தூளைச் சிறிது போட்டுக் கலக்கினால், மை கரைத்தது போல முழுவதும் கறுத்துவிடும். சற்று நேரம் கழித்து பாத்திரத்தின் பக்கவாட்டில் வலுவான காந்தத்தை வைத்தால், கறுப்பு முழுக்க அந்தப் பக்கம் ஒதுங்கி நீர் தெளியும். காந்தத்தை எடுக்காமலே நீரைக் கொட்டிவிடலாம். வடிகட்டி அடைத்துக்கொள்ளும் தொல்லை இல்லை. கலங்கல் நீருக்கு இது பெரிய வசதி. அப்புறம் 5 மில்லிலிட்டர் நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டால், ஒட்டிய உலோகம் அதில் இறங்கிவிடும். முழுவதும் வந்துவிட்டால் செறிவு நூறு மடங்கு. இப்போது சாதாரணக் கருவியே அளந்துவிடும். சிலிக்கா பூச்சு நன்றாக இல்லாவிட்டால் அமிலம் மேக்னடைட்டையே கரைத்துவிடும் என்பதை மறக்கக் கூடாது.

நீரின் பிஎச் அளவிலும் கவனம் வேண்டும். அமிலம் கூடினால் ஹைட்ரஜன் அயனிகள் உலோகத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். காரம் கூடினால் உலோகம் ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது வேறொன்று. உலோகத்தைச் செறிவாக்கும் வேலையில் நம் அழுக்கும் சேர்ந்துகொள்ளும். அமிலத்தில், புட்டியில், காற்றுத் தூசியில், அந்தத் தூளிலேயேகூட ஈயம் இருக்கலாம். பூமியின் வயதைக் கணித்த கிளேர் பேட்டர்சன் தன் ஆய்வகத்துத் தூசியோடுதான் பல ஆண்டு போராடினார். கடல்நீரில் முன்பு அளந்து வைத்திருந்த ஈயத்தில் பெரும்பகுதி மாசு என்று பிறகு காட்டியதும் அவர்தான்.

அதனால் புட்டிகளை அமிலத்தில் இரவு முழுக்க ஊறவைக்கிறோம். ஒவ்வொரு தொகுதி மாதிரியோடும், உலோகம் நீக்கிய தூய நீரை வைத்து, தூள், காந்தம், அமிலம் என அதே படிகளில் ஒரு வெற்றுச் சோதனை ஓட்டுகிறோம். அதிலும் ஈயம் காட்டினால், மாதிரியில் வந்த எண்ணை நம்ப முடியாது. இன்னொரு பாத்திரத்தில் அதே மாதிரி நீரில் தெரிந்த அளவு ஈயத்தைச் சேர்த்து, எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்க்கிறோம். சேர்த்ததில் பாதிதான் திரும்பியது என்றால் அன்றைய முடிவு எதையும் வெளியே கொடுப்பதில்லை. பிஎச்சிலிருந்து மறுபடி தொடங்குகிறோம்.

நன்றி, வணக்கம்.