பத்திரமே வேலி

விழாத் தலைவர் அவர்களே, மனைப்பிரிவு போட்ட நாளிலிருந்து இந்தச் சங்கத்தைத் தோளில் சுமந்துவரும் செயலாளர் ஐயா அவர்களே, இரண்டு கூட்டங்களுக்கு நடுவில் நமக்காக நேரம் ஒதுக்கி வந்திருக்கும் வார்டு உறுப்பினர் அம்மா அவர்களே, உதவித் தோட்டக்கலை அலுவலர் அவர்களே, பந்தலும் நாற்காலியும் தந்து உதவிய அரிசி மண்டி உரிமையாளர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். முன்வரிசையில் மாணவர்களோடு அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை அம்மாவுக்குத் தனியாக ஒரு வணக்கம். பள்ளிக் கிணற்றடியில் அந்தப் பிள்ளைகள் போட்டிருக்கும் கீரைப் பாத்தியைப் பார்க்காதவர்கள் நாளைக் காலை போய்ப் பாருங்கள். பாத்திக்குப் பாத்தி நூல் பிடித்து இருக்கிறது.

நம் மனைப்பிரிவின் பூங்கா இடத்தில் தோட்டம் போட நினைக்கிறோம், அதற்காகத் தெருத் தோட்டங்களின் வரலாற்றைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நிலம், மண், தண்ணீர், பத்திரம் என்று நான்கு பகுதியாகப் பேசுகிறேன். நான்குக்கும் சேர்த்து ஒரு பழமொழியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேலியே பயிரை மேய்ந்தால் விளைவது எப்படி?

அமெரிக்காவில் நியூயார்க் நகரம். 1970களில் மன்ஹாட்டன் தீவின் கீழ்க்கிழக்குப் பகுதியில் வீட்டுக்காரர்கள் வரி கட்டாமல் கட்டடங்களைக் கைவிட்டுப் போனார்கள். சில எரிந்தன, சில இடிக்கப்பட்டன. வரிபாக்கிக்காக நகராட்சி கையகப்படுத்திய மனைகள் குப்பைமேடாகக் கிடந்தன. 1975இல் நகரமே திவாலின் விளிம்புக்குப் போனது. சுத்தம் செய்ய ஆள் எங்கே வரும்?

அந்த நாளில் லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியரும் அவருடைய நண்பர்களும் ‘கிரீன் கெரில்லாஸ்’ என்று ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். நம் பிள்ளைகள் களிமண்ணில் உருட்டுகிறார்களே விதைப்பந்து, அதைப் போல அவர்கள் பலூனுக்குள் விதையும் உரமும் அடைத்து, பூட்டிக் கிடந்த மனைகளுக்குள் வேலிக்கு மேலாக வீசினார்கள். சாலையின் நடுத்திட்டுகளில் சூரியகாந்தி விதைத்தார்கள். 1973இல் பவுரி, ஹூஸ்டன் என்ற இரண்டு தெருக்கள் சந்திக்கும் மூலையில் ஒரு மனையைத் துப்புரவு செய்து, மேல்மண் பரப்பி, வேலி போட்டு, 60 மேட்டுப்பாத்திகளில் காய்கறி நட்டார்கள். 1974 ஏப்ரலில் நகராட்சி அதை மாதம் ஒரு டாலர் வாடகைக்கு எழுதிக் கொடுத்தது. ஒரு டாலர்தானே என்று நினைக்காதீர்கள். அந்த ஒரு டாலர் ரசீதுதான் அத்துமீறி நுழைந்தவர்களைக் குடிக்கூலிக்காரர்கள் ஆக்கியது! 1978இல் இப்படிப்பட்ட தோட்டங்களுக்கென்றே ‘கிரீன்தம்ப்’ என்ற அரசுத் திட்டம் வந்தது. லிஸ் கிறிஸ்டி 1985இல் காலமானார். மறு ஆண்டு தோட்டத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். இன்றும் அந்த மூலையில் இருக்கிறது.

அடுத்தது மண். இடிபாட்டு மனையில் நேரே கொத்தி விதைத்தால் இரண்டு கேடு. பழைய பெயின்டில் இருந்த ஈயம் மண்ணில் தங்கியிருக்கும். அது கீரையிலும் கிழங்கிலும் ஏறும், தக்காளி, வெண்டை போன்ற காய்களில் குறைவு. குழந்தைகள் விளையாடும் மண்ணில் பத்து லட்சத்துக்கு 400 பங்கு ஈயம் வரை இருக்கலாம் என்று அமெரிக்க அரசு நெடுநாள் வைத்திருந்த எல்லையை 2024இல் வீட்டு மனைகளுக்கு 200 ஆகக் குறைத்துவிட்டார்கள். இரண்டாவது, சிமென்ட்டும் சுண்ணாம்பும் மண்ணைக் காரமாக்கிவிடும். இரும்புச் சத்து மண்ணில் இருந்தாலும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதைப் பார்த்து யூரியா போடுகிறவர்கள் உண்டு, போட்டுப் பயனில்லை.

நம் பூங்கா இடத்திலும் கட்டட இடிபாடு கொட்டிக் கிடப்பதால் மேட்டுப்பாத்திதான் சரி. அகலம் 4 அடிக்கு மேல் வேண்டாம். இரண்டு பக்கமிருந்தும் கை நடுவரை எட்ட வேண்டும், பாத்திக்குள் கால் வைக்கக் கூடாது. நீளம் 8 அடி, உயரம் 1 அடி. ஒரு பாத்திக்கு 32 கன அடி, பத்துப் பாத்திக்கு 320. ஒரு யூனிட் என்பது 100 கன அடி; முதல் மழையில் படிந்து இறங்கும் என்பதால் 4 யூனிட்டாகவே சொல்லுங்கள். பாதி செம்மண், கால் பங்கு நன்றாக மக்கிய சாண எரு, கால் பங்கு தென்னை நார்க்கழிவு. நார்க்கழிவை இரண்டு மூன்று முறை அலசி உப்பை இறக்காமல் போட்டால் நாற்றின் இலை நுனி கருகும். எரு அரைகுறையாக மக்கியிருந்தால் காண்டாமிருக வண்டின் புழு உள்ளே இருக்கும். கையில் அள்ளிப் பாருங்கள்: சூடு இருக்கக் கூடாது, சாண வாடை இருக்கக் கூடாது, மண்வாசனை வர வேண்டும். மற்ற சந்தேகங்களுக்கு அலுவலர் ஐயா இருக்கிறார்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடம். நியூயார்க்கில் மனை விலை ஏறியது. குப்பைமேடாகக் கிடந்தபோது எட்டிப் பார்க்காத நகராட்சி, பூத்துக் காய்த்த பிறகு ஏலம் போடப் புறப்பட்டது. வேலியே பயிரை மேய்ந்தால் விளைவது எப்படி? 1998இல் காவல்துறைத் தலைமையகத்தில் ஏலம் நடந்தபோது யாரோ பத்தாயிரம் சில்வண்டுகளை அரங்குக்குள் திறந்து விட்டார்கள். ஏலம் கேட்க வந்தவர்கள் நாற்காலி மேல் ஏறினார்கள். ஆனாலும் ஏலம் முடிந்தது.

கிழக்கு ஏழாம் தெருவில் ‘எஸ்பெரான்சா’ என்று ஒரு தோட்டம். ஸ்பானிய மொழியில் நம்பிக்கை என்று பொருள். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்து குடியேறிய மக்கள் 1977 முதல் வளர்த்தது. அவர்கள் தீவில் கோக்கீ என்று ஒரு தவளை உண்டு. கட்டைவிரல் அளவுதான், ராத்திரி கத்தினால் ஊரே கேட்கும். பெரிய பகையைச் சின்னக் குரலால் விரட்டிய தவளை என்று அதற்கு ஒரு கதையும் உண்டு. தோட்டத்தை இடிக்கப் போகிறார்கள் என்றதும் இரும்புச் சட்டமும் படுதாவும் கொண்டு வாசலில் ஒரு பெரிய கோக்கீயைக் கட்டினார்கள். கொட்டும் பனிக்காலம். அந்தத் தவளையின் வயிற்றுக்குள் முறை வைத்து உட்கார்ந்து இரவெல்லாம் காவல் காத்தார்கள். கிழவிகளும் பள்ளிப் பிள்ளைகளும் வந்து போனார்கள். 2000 பிப்ரவரி 15 காலை புல்டோசர் வந்தது. சங்கிலியால் தங்களைக் கட்டிக்கொண்டவர்களை, சங்கிலியை அறுத்து எடுத்துக் கைது செய்தார்கள். மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் தரப்பு அதே நாளில் நீதிமன்றத்தில் தடை கேட்டு நின்றது. தடை கிடைத்தது. மற்ற தோட்டங்களுக்குக் கிடைத்தது. எஸ்பெரான்சா அதற்குள் மண்ணோடு மண்ணாகியிருந்தது. இருபத்திரண்டு வருட மரம், தாய்மார்களே!

பிழைத்தவை எப்படிப் பிழைத்தன? 1999 மே மாதம் 114 தோட்டங்கள் ஏலத்துக்கு வர இருந்தன. அதற்கு முந்தின நாள் இரண்டு அறக்கட்டளைகள் 42 லட்சம் டாலர் கொடுத்து அவற்றை வாங்கின. அதில் ஒன்று நடிகை பெட் மிட்லர் தொடங்கியது. மற்றவை 2002இல் எழுதப்பட்ட உடன்பாட்டால் நின்றன: கட்டடம் கட்டுவதென்றால் முதலில் பரிசீலனை, தோட்டக்காரர்களுக்கு மாற்றிடம். இரண்டும் காகிதம்தான். தவளையின் வீரத்துக்குத் தலைவணங்குகிறேன். தோட்டத்தைக் காத்தது பத்திரம்.

நம் ஊருக்கு வருகிறேன். 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால், சாலை போக மீதியில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட்டு உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்பது நம் மாநில விதி. நம் பூங்கா இடம் அப்படி வந்தது. அந்தத் தானப் பத்திரத்தின் சான்றிட்ட நகல் சங்கத்திடம் இருக்கிறதா? இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு எடுங்கள். கூடவே வில்லங்கச் சான்றும், அங்கீகரித்த மனைப்பிரிவு வரைபடமும். மூன்றிலும் சர்வே எண்ணும் நான்கு எல்லையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாத இடத்தில்தான் முதலில் ஒரு தகரக் கொட்டகை முளைக்கும், பிறகு அதற்கு மின் இணைப்பு வரும்.

பிறகு நகராட்சியிடம் பராமரிப்பு ஒப்பந்தம் கேளுங்கள். எத்தனை வருடம், திரும்ப எடுப்பதானால் எத்தனை மாத முன்னறிவிப்பு, தண்ணீர்க் கட்டணம் யார் பொறுப்பு, பொதுமக்களுக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் திறந்திருக்கும் என்று எழுத்தில் வேண்டும். நியூயார்க்கில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வாரம் 20 மணி நேரம் திறந்து வைக்கச் சொல்கிறார்கள். பூட்டு போட்டு நாமே அனுபவித்தால் நாமும் மேய்கிற வேலிதான். வாய்வார்த்தையாக ‘செய்து கொள்ளுங்கள்’ என்று எந்த அதிகாரி சொன்னாலும், அவர் மாறிப் போகிற நாள் வரும். வார்டு உறுப்பினர் அம்மா இதை மன்றக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டு வர வேண்டும் என்று இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.

தண்ணீரைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். பராமரிப்பு ஒப்பந்தம் கேட்கும் மனு மேடைக்கு இடப்பக்கத்து மேசையில் இருக்கிறது. கையெழுத்தோடு கதவு எண்ணையும் எழுதுங்கள். கதவு எண் இல்லாத கையெழுத்தை எண்ணிக்கையில் சேர்க்க மாட்டார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆணையர் அலுவலகத்தில் கொடுக்கிறோம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்புவதில்லை. வணக்கம்.