ஜெனரேட்டர் பணம் எவ்வளவு, பாஸ்டர்?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சபைத் தலைமை ஆரோக்கியமாக இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எப்படி, இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. பத்துக் குறிப்பு சொல்வேன் என்று நோட்டைத் திறந்து வைத்திருக்கிறீர்கள், மூடிவிடலாம். உங்கள் சபையில் யாராவது ஒரு கேள்வி கேட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

நான் காலேஜ் படிக்கும்போது போன சபையில் (பெயர் வேண்டாம்) ஜெனரேட்டர் வாங்க எட்டு மாதம் விசேஷக் காணிக்கை எடுத்தார்கள். கரண்ட் போனால் அதே மெழுகுவர்த்திதான். வருடக் கூட்டத்தில், ரயில்வேயில் ரிட்டயர் ஆன ஒரு ஐயா எழுந்து, "பாஸ்டர், அந்தப் பணம் இதுவரைக்கும் எவ்வளவு சேர்ந்திருக்கு?" என்றார். குரலில் சூடுகூட இல்லை. பாஸ்டர் சிரித்தபடியே "ஜெபிப்போம்" என்று கண்ணை மூடிவிட்டார். அவர் மூடினால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம், எல்லாரும் மூடினோம், நானும்தான். அடுத்த வாரப் பிரசங்கம், மோசேயின் தலைமையை எதிர்த்த கோராகைப் பூமி விழுங்கியது பற்றி. அந்த ஐயா வழக்கமாக உட்காரும் இரண்டாவது பெஞ்சில் அன்றைக்கு அவரும் அவருடைய பைபிளும் மட்டும் இருந்தார்கள். மூன்று மாதத்தில் அவர் வேறு சபைக்குப் போய்விட்டார், 'பின்மாற்றக்காரர்', அதாவது விசுவாசத்தைவிட்டுப் பின்வாங்கினவர் என்ற பட்டத்தோடு. பணம் திருடு போனது என்று நான் சொல்லவில்லை, பைசா குறையாமல் பாங்கில் இருந்திருக்கலாம். அதைச் சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்குமா?

இப்படிக் கேட்டால் உடனே ஒரு வசனம் வரும், அபிஷேகம்பண்ணப்பட்டவரை, அதாவது தேவன் தெரிந்தெடுத்தவரைத் தொடாதே என்று. சரி, 105-ஆம் சங்கீதத்தைக் கொஞ்சம் மேலிருந்து வாசியுங்கள். அங்கே அபிஷேகம்பண்ணப்பட்டவர்கள் யார்? ஆபிரகாமும் அவர் சந்ததியும், கையளவு ஜனம், ஊர் ஊராகத் திரிந்த பரதேசிகள். 'தொடாதே' என்ற கட்டளை ராஜாக்களுக்கு! அதிகாரம் இருந்தவனை அதட்டிய வசனத்தை அதிகாரத்தில் இருப்பவரே கேடயமாகப் பிடித்தால் எப்படி? தாவீதும், தன்னைக் கொல்லத் தேடிய ராஜா சவுலைத் தொடவில்லை என்பார்கள். உண்மைதான், ஆனால் அறுத்த சால்வைத் தொங்கலைக் கையில் பிடித்துக்கொண்டு, குகைக்கு வெளியே வந்து, மூவாயிரம் பேரோடு தேடி வந்த ராஜாவைக் கூப்பிட்டு, ஏன் என்னை வேட்டையாடுகிறீர் என்று சத்தமாகவே கேட்டான்.

இது நம்ம ஊர் வீட்டுச் சபைகளின் வியாதி மட்டும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் சியாட்டிலில் 1996-இல் ஆரம்பித்த மார்ஸ் ஹில் சபை, ஒரு கட்டத்தில் 15 இடங்களில் வாரம் 12,000 பேருக்கு மேல் கூடிய சபை. 2007-இல் அதிகாரத்தைச் சிலர் கைக்குள் கொண்டுவரும்படி சட்டதிட்டத்தை மாற்றப் போனபோது கேள்வி எழுப்பிய இரண்டு மூப்பர்களை (சபையை நடத்தும் பொறுப்பாளர்களை) வேலையைவிட்டு நீக்கினார்கள். பஸ்ஸில் ஏறு, இல்லையென்றால் பஸ் உன்மேல் ஏறும் என்கிற மாதிரி அப்போது போதகர் மார்க் டிரிஸ்கால் பேசியது பிற்பாடு வெளியே வந்தது. அதற்கப்புறமும் பல வருடம் கூட்டம் பெருகிக்கொண்டுதான் போனது. கூட்டம் பெருகுவதை ஆரோக்கியத்துக்கு அடையாளமாக நான் எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான். 2014 அக்டோபரில் அவர் ராஜினாமா செய்தார், அந்த வருடம் முடிவதற்குள் மார்ஸ் ஹில் என்ற அமைப்பையே கலைத்துவிட்டார்கள்.

தேர்தல் வைக்கிற சபைகள் பரவாயில்லையா? டயோசீசன் (ஒரு பிஷப்பின் கீழ் வரும் சபைகளின்) தேர்தல் வழக்குகள் ஐகோர்ட் வரை போவதைப் பேப்பரில் படிக்கிறீர்கள்தானே, நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நல்லதையும் பார்த்திருக்கிறேன். இப்போது போகிற சபையில் ஆராதனை முடிந்ததும் வெஸ்ட்ரியில் (ஆலயத்தின் பக்க அறையில்) மூன்று பேர், அதில் ஒரு அக்கா கட்டாயம், காணிக்கைப் பையை மேஜையில் கவிழ்த்து, சில்லறையைப் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணி, மூன்று பேரும் நோட்டில் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்த நேரம் பாஸ்டர் வெளியே கை குலுக்கிக்கொண்டிருப்பார், உள்ளே எட்டிப் பார்க்க மாட்டார். எங்களை நம்பவில்லையா என்று ஒருவரும் கோபித்ததில்லை. எருசலேமுக்குக் காணிக்கை கொண்டுபோன பவுலே, யாரும் குறை சொல்ல இடம் வைக்கக்கூடாது என்று, சபைகள் தெரிந்தெடுத்த ஆளைக் கூடவே கூட்டிக்கொண்டு போனார். போன மாதம் எங்கள் பாஸ்டர் பிரசங்கத்துக்கு நடுவில், "ரெண்டு வாரம் முன்னாடி இந்த வசனத்துக்கு நான் சொன்ன அர்த்தம் தப்பு, ஒரு தம்பி காட்டினார்" என்றார். அந்தத் தம்பி பிளஸ் டூ படிக்கிறான். அன்றைக்கு அவன் பக்கத்தில் உட்கார இடமே இல்லை.

நேரமாகிவிட்டது, சாப்பாட்டு வாசனையும் வருகிறது. பின்னால் அந்த நீலச் சட்டைத் தம்பி ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டே இருக்கிறார். கேளுங்க தம்பி, மைக்கை அங்கே கொடுங்க.