மவுண்ட் தெருப் பாலத்தில் ஒரு புதன்கிழமை

நேயர்களுக்கு வணக்கம்.

டப்ளின் நகரின் தென்கிழக்குப் பகுதியில் கிராண்ட் கால்வாய் ஓடுகிறது. அதன் குறுக்கே மவுண்ட் தெருப் பாலம். சின்னப் பாலம்தான், நடந்து கடக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. 1916 ஏப்ரல் 26, புதன்கிழமை, பிரிட்டிஷ் படை அந்தப் பாலத்தைக் கடப்பதற்கு மதியத்திலிருந்து இரவு எட்டு மணி வரை ஆனது. எதிர்த்து நின்றவர்கள் 17 பேர்.

அயர்லாந்தின் விடுதலைப் போராட்டத்தில் ஈஸ்டர் எழுச்சி, அதாவது அந்த ஈஸ்டர் வாரத்தில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து டப்ளினில் நடந்த ஆயுதக் கிளர்ச்சி என்றதும் நமக்குத் தலைமைத் தபால் நிலையமும், அதன் வாசலில் கிளர்ச்சித் தலைவர் பேட்ரிக் பியர்ஸ் குடியரசுப் பிரகடனம் வாசித்ததும்தான் நினைவுக்கு வரும். அது திங்கட்கிழமை. ஆனால் அந்த வாரத்தின் மிகக் கடுமையான சண்டைகளில் ஒன்று நடந்தது இரண்டு நாள் கழித்து, பணக்காரர்கள் குடியிருந்த அமைதியான ஒரு சாலையில். இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஏன் 17 பேர் மட்டும்? ஆள் இல்லை, அதுதான் காரணம். ஜெர்மனியிலிருந்து ஆயுதம் ஏற்றி வந்த கப்பல் பிடிபட்டுவிட்டது. கிளர்ச்சிக்காரர்களில் பெரும்பாலோர் சேர்ந்திருந்த ஐரிஷ் தொண்டர் படையின் தலைவர் ஓவன் மக்நீல், ஞாயிற்றுக்கிழமை அணிவகுப்பு கிடையாது என்று பத்திரிகையில் அறிவிப்பே கொடுத்துவிட்டார். குழப்பத்தில் பலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். திங்கட்கிழமை வந்து சேர்ந்தவர்களை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்கள். அந்தப் பகுதிக்குத் தளபதி ஈமன் டி வலேரா, பிற்காலத்தில் அயர்லாந்தின் பிரதமராகவும் குடியரசுத் தலைவராகவும் ஆனவர். போலண்ட் ரொட்டி ஆலையில் இருந்துகொண்டு துறைமுகச் சாலையை மறிக்கும் வேலையை மைக்கேல் மலோன் என்ற தச்சரிடம் ஒப்படைத்தார்.

மலோனுக்கு இன்னும் முப்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய சகோதரர் வில்லியம் அதற்கு முந்தைய ஆண்டுதான், 1915 மே மாதம், பெல்ஜியத்தில் இறந்திருந்தார். பிரிட்டிஷ் ராணுவத்தின் ராயல் டப்ளின் படைப்பிரிவில் சேர்ந்து, ஜெர்மானியரோடு போரிட்டு இறந்தார். ஒருவர் பிரிட்டிஷ் சீருடையில் இறந்தார், மற்றவர் அந்தச் சீருடையை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கினார். அந்தத் தாயின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அன்றைய அயர்லாந்தில் இப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய இருந்தன.

நார்தம்பர்லாந்து சாலை 25-ஆம் எண் வீட்டை மலோன் பிடித்துக்கொண்டார். கூட இருந்த இரண்டு சிறுவர்களை, வயது போதாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மிச்சம் அவரும் ஜேம்ஸ் கிரேஸும் மட்டும். கொஞ்சம் தள்ளி, தேவாலயத்துக்குச் சொந்தமான மண்டபத்தில் நான்கு பேர். பாலத்துக்கு அக்கரையில், சாலையை நேர்கோட்டில் பார்த்தபடி நின்ற கிளான்வில்லியம் மாளிகையில் ஜார்ஜ் ரேனால்ட்ஸ் தலைமையில் ஏழு பேர். மற்றவர்கள் சுற்றுவட்டாரத்தில் இருந்தார்கள்.

இதற்கு முன்னால் நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். திங்கட்கிழமை மாலையே அந்தச் சாலையில் ரத்தம் சிந்தியிருந்தது. பிரிட்டிஷ் தரப்பின் உள்ளூர்க் காவல் பயிற்சிப் படையைச் சேர்ந்த வயதானவர்கள் பயிற்சி முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். தோளில் துப்பாக்கி இருந்தது, தோட்டா இல்லை. தொண்டர்களுக்கு அது தெரியாது, சுட்டுவிட்டார்கள். இறந்தவர்களில் அயர்லாந்து ரக்பி சங்கத்தின் தலைவர் ஃபிரான்சிஸ் பிரவுனிங்கும் ஒருவர். வீரக்கதை சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் அப்படிப் போக விரும்பவில்லை.

சரி, புதன்கிழமைக்கு வருவோம். ஷெர்வுட் ஃபாரஸ்டர்ஸ் என்ற படைப்பிரிவு அன்று காலை கிங்ஸ்டவுன் துறைமுகத்தில் இறங்கியது. நாட்டிங்ஹாம், டெர்பி பக்கத்துப் பையன்கள். பலருக்கு மூன்று மாதப் பயிற்சிகூட முடியவில்லை. பிரான்சுக்கு வந்திருக்கிறோம் என்றே சிலர் நினைத்தார்களாம். படையின் இலகு ரக இயந்திரத் துப்பாக்கிகள் லிவர்பூல் துறைமுகத்திலேயே தங்கிவிட்டன. கையெறி குண்டும் கிடையாது. இப்படித்தான் அவர்களைத் தெருச் சண்டைக்கு அனுப்பினார்கள்.

அவர்களில் ஒருவர் கேப்டன் ஃபிரடெரிக் டீட்ரிக்சன். நாட்டிங்ஹாமில் வழக்கறிஞராக இருந்தவர். ஜெர்மானிய வான்கப்பல்கள் இங்கிலாந்தில் குண்டு போட்டுக்கொண்டிருந்ததால், மனைவியையும் குழந்தைகளையும் பாதுகாப்புக்காக டப்ளினில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். படை பிளாக்ராக் வழியாக நடந்து வரும்போது சாலையோரக் கூட்டத்தில் அவர்கள் நிற்பதைப் பார்த்தார். வரிசையை விட்டு ஓடிப்போய்க் குழந்தைகளைக் கட்டிக்கொண்டார். அப்புறம் மறுபடி வரிசையில் சேர்ந்து நடந்தார். 25-ஆம் எண் வீட்டிலிருந்து வந்த முதல் சரமாரியில் விழுந்தவர்களில் அவரும் ஒருவர்.

அப்போது மணி பன்னிரண்டரை இருக்கும். டி வலேரா தன்னுடைய சொந்த மவுசர் கைத்துப்பாக்கியை மலோனிடம் கொடுத்திருந்தார், மலோனும் குறி தவறாதவர். குண்டு எங்கிருந்து வருகிறது என்றே புரியாமல் சிப்பாய்கள் நடுத்தெருவில் படுத்துக்கொண்டார்கள். அந்த வீட்டைத் தாண்டியவர்களை மண்டபத்தில் இருந்தவர்கள் சுட்டார்கள், அதையும் தாண்டியவர்களைக் கிளான்வில்லியம் மாளிகை சுட்டது. அதிகாரி விசில் ஊதுவார், ஒரு வரிசை எழுந்து பாலத்தை நோக்கி ஓடும், விழும். மறுபடி விசில். சன்னலில் இருந்தவர்களும் விசில் சத்தத்தை வைத்தே தயாராகிவிடுவார்கள்.

மாளிகைக்குள் நிலைமை எப்படி? டாம் வால்ஷ், ஜிம் வால்ஷ் என்ற சகோதரர்கள் அங்கே இருந்தார்கள். 1914-இல் ஹவுத் துறைமுகம் வழியாகக் கடத்திவந்த பழைய ஜெர்மன் துப்பாக்கிகளும் அவர்களிடம் இருந்தன. ஒருமுறை சுட்டால் ஆளையே பின்னால் தள்ளும். துணி தைப்பவர்கள் பயன்படுத்தும் ஒரு பொம்மை உருவம் வீட்டில் கிடந்தது. அதைச் சன்னல் பக்கம் நிறுத்தி எதிரியின் குண்டுகளை அதன்மேல் வாங்கிக்கொண்டார்கள். நாற்காலிகளிலும் திரைச்சீலைகளிலும் தீப்பிடித்தபோது, அங்கே இருந்த சோடா பாட்டில்களைப் பீய்ச்சி அணைத்தார்கள்.

எனக்கு ஆத்திரம் வருவது எங்கே தெரியுமா? கால்வாயில் கொஞ்ச தூரம் போனால் பேகட் தெருப் பாலம். அங்கே தடுக்க யாருமே இல்லை. அதன் வழியாகப் போயிருந்தால் இத்தனை பேர் செத்திருக்கத் தேவையில்லை. ஆனால் மேலிடத்திலிருந்து, ஜெனரல் லோவிடமிருந்து வந்த கட்டளை, என்ன விலை கொடுத்தாவது இந்த வழியாகவே முன்னேற வேண்டும் என்பது. விலை கொடுத்தவர்கள் பயிற்சி முடியாத பையன்கள்.

குண்டு பறந்துகொண்டிருந்தபோதே பக்கத்தில் இருந்த சர் பேட்ரிக் டன் மருத்துவமனையின் டாக்டர்களும் நர்சுகளும் வெள்ளை உடையோடு பாலத்துக்கு வந்தார்கள். இரண்டு பக்கமும் சுடுவதை நிறுத்தியது. அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு போன பிறகு மறுபடி சண்டை. லூயிசா நோலன் என்ற இளம்பெண் மேடை நாடகங்களில் ஆடிப் பாடி வந்தவர். போர்வையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு குண்டுகளுக்கு நடுவே திரும்பத் திரும்பப் போனார். பிற்பாடு அவருக்கு ராணுவப் பதக்கம் கிடைத்தது. முதலுதவிப் படையின் ஹோல்டன் ஸ்டோடார்ட் காயம்பட்ட சிப்பாய்க்கு உதவப் போய்ச் சுடப்பட்டு இறந்தார். அன்றைக்கு அந்தத் தெருவில் யாரையும் கொல்ல வராத மனிதர்களும் இருந்தார்கள் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

பிற்பகலில் கையெறி குண்டுகள் வந்து சேர்ந்தன. 25-ஆம் எண் வீட்டின் கதவைத் தகர்த்து உள்ளே புகுந்தார்கள். மாடிப்படியில் இறங்கி வந்த மலோன் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கிரேஸ் அடித்தளச் சமையலறையில் அடுப்புக்குப் பின்னால் பதுங்கி உயிர் தப்பினார். மண்டபத்தில் இருந்தவர்கள் பின்பக்கமாக வெளியேறும்போது பிடிபட்டார்கள். கடைசியில் கிளான்வில்லியம் மாளிகை எரிந்தது. ரேனால்ட்ஸ், பேட்ரிக் டாயில், ரிச்சர்ட் மர்ஃபி மூவரும் உள்ளேயே இறந்தார்கள். நான்கு பேர் பின்பக்கம் வழியாகத் தப்பினார்கள்.

அயர்லாந்தில் பிரிட்டிஷ் படைகளுக்குத் தலைமை ஏற்ற ஜெனரல் மேக்ஸ்வெல் அனுப்பிய அறிக்கையில் பிரிட்டிஷ் தரப்பில் அதிகாரிகள் 4 பேர் இறந்தார்கள், 14 பேர் காயம், சிப்பாய்களில் இறந்தவர்களும் காயம்பட்டவர்களுமாக 216 பேர் என்று இருக்கிறது. எண்ணிக்கை அதைவிடக் குறைவு என்று பின்னாளைய ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் நூற்றுக்கு மேல். தொண்டர் தரப்பில் இறந்தவர்கள் நான்கு பேர்.

சனிக்கிழமை பியர்ஸ் சரணடைந்தார். மே மாதத்தில் கிளர்ச்சித் தரப்பைச் சேர்ந்த 15 பேரை மரண தண்டனை விதித்துச் சுட்டுக் கொன்றார்கள். எழுச்சி நடந்தபோது கோபப்பட்ட டப்ளின் மக்கள் இந்தத் தண்டனைகளைப் பார்த்துத்தான் மனம் மாறினார்கள். அதன் அதிர்வு சென்னைக்கும் வந்தது. அன்னி பெசன்ட் நடத்திய நியூ இந்தியா பத்திரிகையில் வேலை பார்த்த ஐரிஷ் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ், எழுச்சியைப் புகழ்ந்து எழுதியதால் அந்த வேலையை இழந்தார்.

இன்று மவுண்ட் தெருப் பாலத்தில் தொண்டர்களுக்கு நினைவுக்கல் இருக்கிறது. 25-ஆம் எண் வீட்டுச் சுவரிலும் மலோனின் நினைவாக ஒரு பலகை. 2016-இல் நூற்றாண்டையொட்டி கிளாஸ்னெவின் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சுவர் எழுப்பினார்கள். எழுச்சியில் இறந்த எல்லோருடைய பெயரும் அதில்: தொண்டர்கள், பொதுமக்கள், குழந்தைகள், பிரிட்டிஷ் சிப்பாய்கள். தலைவர்களைச் சுட்டுக் கொன்ற ராணுவத்தின் பெயர்களும் அதே கல்லிலா என்று எதிர்ப்பு எழுந்தது. பெயிண்ட் ஊற்றினார்கள், சுத்தியலால் உடைத்தார்கள். பெயர்களை மீண்டும் பொறிப்பதில்லை என்று 2022-இல் நிர்வாகம் முடிவெடுத்துவிட்டது.

எதிர்த்தவர்களின் வலி எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த முடிவில் எனக்கு உடன்பாடு இல்லை. மரண தண்டனைக்குக் கையெழுத்துப் போட்டவர் மேக்ஸ்வெல். விசில் சத்தத்துக்கு எழுந்து ஓடிய நாட்டிங்ஹாம் பையனை அவரோடு சேர்த்து எண்ணுவது நியாயமாகப் படவில்லை. மலோனின் பெயருக்குப் பக்கத்தில் அவன் பெயரும் இருந்தால் மலோனுக்கு ஒரு குறையும் வந்துவிடாது. தன் சகோதரரையே பிரிட்டிஷ் சீருடையில் பறிகொடுத்தவர் அவர். அந்தப் பெயர்களை மறுபடி செதுக்க வேண்டும் என்றே நான் சொல்வேன்.

நன்றி, வணக்கம்.