பழைய பவளத் தொட்டி வாங்குகிறீர்களா? அந்தப் பாறையை மட்டும் கொதிக்க வைக்காதீர்கள்!

(காட்சி: அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது. பக்கத்தில் மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள், கடல்நீரில் மூழ்கிய பாறைத் துண்டு.)

அடுப்பில் இருப்பது வெறும் தண்ணீர், பயப்பட வேண்டாம். ஆனால் இந்தப் பாறையை அதில் போட்டால், எழும் ஆவி என்னையும் பக்கத்து அறையில் தூங்கும் அம்மாவையும் ஒரே ஆம்புலன்ஸில் ஏற்றிவிடக்கூடும். பாறையின் மேல் சட்டைப் பொத்தான்கள் போலப் பழுப்பாக ஒட்டியிருக்கிறதே, அதுதான் இன்றைய கதாநாயகன். தொட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த கதையையும் சொல்கிறேன், தலைப்பில் போட்டுவிட்டேன் அல்லவா!

சிங்கப்பூரில் வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பும் ஒருவர், தம் நான்கடித் தொட்டியை மீன், பவளம், பாறையோடு மலிவாக விற்றார். வாங்கினேன். பின்னணி அவ்வளவுதான்.

தமிழ்நாட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் கடினப் பவளங்கள், கடல் விசிறிகள், கடல் குதிரைகள் எல்லாம் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. “நண்பர் கொடுத்தார்” என்ற பதில் அங்கே எடுபடாது. உங்களுக்கு மீன் போதும்.

(காட்சி: வாளிகள், தெர்மாகோல் பெட்டி, வலை.)

முதலில் மீனைப் பிடிக்கலாம் என்று வலையோடு போனேன். கோமாளி மீன் ஜோடி பாறை இடுக்கில் புகுந்துகொண்டது. அரை மணி நேரம், திண்ணையில் கோழி பிடிப்பது போலத் துரத்தினேன். பிறகுதான் புத்தி வந்தது. பாறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, தண்ணீரை ஒரு சாண் ஆழத்துக்கு இறக்கியதும், சமையலறைக் கிண்ணத்தாலேயே இரண்டையும் மொண்டுவிட்டேன். கடைசிப் பாறையைத் தூக்கியபோது அதன் துளையிலிருந்து விரல் நீள இறால் ஒன்று தரையில் விழுந்து, விரலைச் சொடுக்கியது போல ‘டக்’ என்றது. நான்கு ஆண்டுகள் வளர்த்தவருக்கே அது உள்ளே இருந்தது தெரியாது!

அவர் பெரிய கோமாளி மீனை ஆண் என்றார். கோமாளி மீன்கள் ஆணாகத்தான் வாழ்வைத் தொடங்குகின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாகிவிடும். அது இறந்தால் அதற்கு அடுத்த ஆண் பெண்ணாக மாறிக்கொள்ளும். ஆக, பெரியதுதான் அம்மணி. ஊருக்குக் கிளம்புகிறவரிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை.

பாறையை ஏன் இவ்வளவு பத்திரமாகத் தூக்க வேண்டும்? மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் பாறையின் மேலும் துளைகளிலும்தான் குடியிருக்கின்றன. தண்ணீரில் மிதப்பவை சொற்பம். பாறை காய்ந்தால் அந்தக் குடியிருப்பே செத்து அழுகி, அதுவே அமோனியாவைக் கக்கும். எனவே பாறை வாளித் தண்ணீருக்குள் மூழ்கியே பயணம் செய்ய வேண்டும். புதுத் தண்ணீரை முந்தைய நாளே கலந்து வைத்துவிடுங்கள்: கிலோவுக்கு 35 கிராம் உப்பு, 25 டிகிரி வெப்பம். இந்த ஊர் வெயிலில் அதற்குச் சில்லர், அதாவது தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி, வேண்டும்.

மணலை அப்படியே கொண்டுவந்தேன். அது சுத்த முட்டாள்தனம். தொட்டியில் கொட்டிய மறுகணம் அழுகிய முட்டை நாற்றம் வீட்டை நிறைத்தது. பழைய மணலின் அடியில், காற்றுப் புகாத இடத்தில் சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடின் வேலை. அம்மா குளிர்பதனப் பெட்டியைத் திறந்து முட்டைகளை ஒவ்வொன்றாக மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். மணலைப் புதிதாக வாங்குங்கள். வீட்டில் மரியாதை மிஞ்சும்.

(காட்சி: ஹவாய்த் தீவுகளின் வரைபடம். மாவி தீவின் கிழக்கு ஓரத்தில் ஒரு புள்ளி.)

இப்போது பொத்தானுக்கு வருவோம். இதற்காகத்தான் நான் இந்த வீடியோவையே எடுத்தேன்.

மாவி தீவில் ஹானா என்ற ஊர். மீனவர்கள் கடலுக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஓர் ஆள் குறைந்தது. ஒதுங்கி வாழ்ந்த கூனன் ஒருவன்மேல் சந்தேகம் விழுந்தது. அவன் மேலாடையைக் கிழித்தார்கள். முதுகில் கூன் இருக்க வேண்டிய இடத்தில் பற்கள் நிறைந்த சுறாவின் வாய்! அவனைக் கொன்று, எரித்து, சாம்பலைக் கடலோரக் குட்டையில் கொட்டினார்கள். அந்தக் குட்டையில் முளைத்ததுதான் ‘லிமு மாகே ஓ ஹானா’, அதாவது ஹானாவின் கொல்லும் கடற்பாசி. ஈட்டி முனையில் அதைத் தடவினால் எதிரி பிழைக்க மாட்டான் என்பது வழிவழி வந்த பேச்சு. அந்தக் குட்டையை யாரும் நெருங்கக் கூடாது; நெருங்கினால் கேடு வரும் என்பது ஊர்க்கட்டு.

கதைதானே என்று ஹவாய்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1961 டிசம்பர் 31 அன்று அந்தக் குட்டையிலிருந்து மாதிரி எடுத்தார்கள். அதே நாளில் கோகனட் தீவில் இருந்த அவர்களின் கடல் ஆய்வகக் கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. தற்செயல்தான்! நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனாலும் அந்தக் குட்டைப் பக்கம் நான் போக மாட்டேன்.

மாதிரியைச் சோதித்தால், அது கடற்பாசியே இல்லை. பவளத்துக்கு உறவான உயிரினம், பாலிதோவா. அதிலிருந்து பிரித்த நஞ்சைப் பற்றி அதே பல்கலைக்கழகத்தின் வேதியியலாளர்கள் ரிச்சர்ட் மூரும் பால் ஷோயரும் 1971இல் எழுதினார்கள். பெயர் பாலிடாக்சின். ஒரே மூலக்கூறில் 129 கார்பன் அணுக்கள். நம் உயிரணு ஒவ்வொன்றின் சவ்விலும் சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்ப் உண்டு. ஏரி மதகைப் போல, கதவைத் திறந்து மூடி அளந்து அனுப்பும். பாலிடாக்சின் அந்த மதகில் ஆப்பு அடித்துத் திறந்தபடியே நிறுத்திவிடுகிறது. உப்புகள் இஷ்டத்துக்குப் பாய, உயிரணு நிலைகுலைகிறது. இதற்கென்று மாற்று மருந்து கிடையாது.

என் பாறையில் ஒட்டிய பொத்தான் போன்ற, இந்த உயிரினத்தின் உறவினர்களைத்தான் நாம் ஸோவா என்று கொஞ்சி, காசு கொடுத்து வாங்குகிறோம்! எல்லாவற்றிலும் நஞ்சு இல்லை. எதில் இருக்கிறது என்பதை நிறத்தைப் பார்த்துச் சொல்லவும் முடியாது. 2018 மார்ச்சில், இங்கிலாந்தின் ஸ்டீவென்டன் கிராமத்தில், மீன் தொட்டியிலிருந்து எடுத்த பவளத்தைச் சுத்தம் செய்த ஒரு வீட்டில் குடும்பத்தினரும், உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களும் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது.

எனவே, பழைய பாறையில் வேண்டாதது ஏதோ ஒட்டியிருக்கிறது, வெந்நீர் ஊற்றிச் சுத்தம் செய்வோம் என்று ஒருபோதும் கிளம்பாதீர்கள். காய்ந்த பாறையைத் தூரிகையால் தேய்ப்பதும், மைக்ரோவேவில் வைப்பதும் அதே வழிதான். கையுறையும் கண் கவசமும் போட்டுக்கொண்டு, பாறையை ஈரமாகவே வைத்துக் கையாளுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று அந்த வேலையே வேண்டாம்.

(காட்சி: நீளமான, பல கால்களுள்ள புழு. பின்னணி இசை திடீரென நிற்கிறது.)

பாறைக்குள் வேறென்ன ஒளிந்திருக்கும்? இங்கிலாந்தின் நியூகீ நகரில் ஒரு காட்சித் தொட்டியில் பவளங்கள் துண்டு துண்டாக வெட்டுப்பட்டன. வைத்த பொறிகளும் பிய்ந்து போயின. 2009இல் பாறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தபோது நான்கடி நீளப் புழு வெளியே வந்தது. ஊழியர்கள் அதற்குப் பாரி என்று பெயர் வைத்தார்கள். நம் பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தவன். இந்தப் பாரி கொடுத்ததாகத் தகவல் இல்லை.

இறக்கிய அன்று விளக்கை மங்கலாக வைத்தேன், தீனி போடவில்லை. இரண்டு வாரம் தினமும் அமோனியா அளந்தேன். அம்மணி மூன்றாம் நாள் தீனிக்கு வந்தார். அந்த ‘டக்’ மட்டும் இரவில் கேட்கிறது, ஆள் தென்படவில்லை.

உங்கள் தொட்டியிலும் பெயர் தெரியாத பொத்தான் ஏதாவது இருந்தால் படம் அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம். பாறையைக் கையில் தூக்கிக் காட்டி எடுக்க வேண்டாம். கண்ணாடிக்கு வெளியே நின்று எடுத்தாலே போதும்.