டூ எங்கே, செகண்ட் எங்கே?

(திரையில்: சுவர்க் கடிகாரம். நொடி முள் மட்டும் நகர்கிறது.)

“ஒரு செகண்ட் இருங்க.” ஒரு நாளில் இதை எத்தனை முறை சொல்கிறோம்! இந்தச் செகண்டும், ஓட்டப் பந்தயத்தில் செகண்ட் வந்தார் என்கிறோமே, அந்தச் செகண்டும் ஒரே சொல்தான். அது எப்படி என்று பார்ப்பதற்கு முன்னால், வரிசையை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

(திரையில்: ஒன், டூ, த்ரீ, ஃபோர். கீழே ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட், ஃபோர்த்.)

செவன், செவன்த். டென், டென்த். எண்ணின் வாலில் ஒரு ‘த்’ ஒட்டினால் வேலை முடிந்தது. ஆனால் ஒன்னுக்கும் ஃபர்ஸ்ட்டுக்கும் என்ன உறவு? டூவுக்கும் செகண்டுக்கும்? ஓர் உறவும் இல்லை.

ஃபர்ஸ்ட்டுக்குள் இருப்பது எண் இல்லை, இடம். நெற்றியை ஃபோர்ஹெட் என்கிறார்களே, அதில் வரும் ஃபோருக்கு ‘முன்’ என்று பொருள். அந்த வேரோடு, பெஸ்ட் என்பதன் கடைசியில் கேட்கிறதே, அதே விகுதி சேர்ந்து வந்ததுதான் ஃபர்ஸ்ட். எல்லோருக்கும் முன்னால் நிற்பவர். தமிழிலும் ‘முதல்’ என்பது ‘ஒன்று’ என்பதிலிருந்து வரவில்லை. தொடக்கம் என்று பொருள் தரும் தனிச்சொல் அது.

சரி, செகண்டுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

பழைய ஆங்கிலத்தில் இரண்டாவதைச் சொல்ல, இன்று அதர் என்று வழங்கும் சொல்லையே பயன்படுத்தினார்கள். அதற்கு ‘மற்றது’ என்றும் பொருள், ‘இரண்டாவது’ என்றும் பொருள். “மற்ற நாள்” என்றால் இரண்டாம் நாளா, வேறொரு நாளா? குழப்பம்தான். 1066-இல் பிரான்சின் வடபகுதியிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளம்போல் உள்ளே வந்தன. அப்படி வந்ததுதான் செகண்ட். அதன் மூலம் லத்தீன், பொருள் ‘பின்தொடர்வது’. ஒரு படத்தின் அடுத்த பாகத்தைச் சீக்வல் என்கிறோமே, அதுவும் இதே வேர். பழைய சொல் முழுவதும் போய்விடவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பதை ஆங்கிலத்தில் ‘எவ்ரி அதர் டே’ என்பார்கள். அந்த அதரில் பழைய ‘இரண்டாவது’ இன்னும் உயிரோடு இருக்கிறது.

(திரையில்: வட்டம் அறுபதாகப் பிரிகிறது, அதில் ஒரு துண்டு மீண்டும் அறுபதாகப் பிரிகிறது.)

இப்போது கடிகாரம். இடைக்கால அறிஞர்கள் லத்தீனில் எழுதும்போது, மணியை அறுபதாக வெட்டிக் கிடைத்ததை ‘முதல் சிறு பகுதி’ என்றார்கள். சிறியது என்று பொருள்படும் ‘மினுட்டா’தான் மினிட் ஆனது. அதை மறுபடி அறுபதாக வெட்டினால் ‘இரண்டாம் சிறு பகுதி’. இதில் ‘சிறு பகுதி’ உதிர்ந்து, ‘இரண்டாம்’ மட்டும் நின்றுவிட்டது. ஆக, நாம் காத்திருக்கச் சொல்வது ஓர் இரண்டாவது!

ஃபிஃப்த், சிக்ஸ்த் சொல்லும்போது நாக்கு சிக்குகிறதா? உங்கள் மேல் தவறில்லை. பழைய ஆங்கிலத்தில் அவற்றில் ‘த்’ கிடையாது, வெறும் ‘ட்’தான். மற்ற எண்களைப் பார்த்துப் பின்னால் மாற்றிக்கொண்டார்கள்.

தேர்டில் நடந்தது எழுத்து இடமாற்றம். பழைய வடிவம் ‘த்ரிட்டா’ போல ஒலித்தது. த்ரீயோடு உறவு பளிச்சென்று தெரியும். பிறகு ‘ர்’ நகர்ந்து உயிரெழுத்துக்குப் பின்னால் போய்விட்டது. நம்முடைய தசை, சதை ஆன மாதிரி.

அந்தப் பழைய ஒலி ஓர் இடப்பெயரில் ஒளிந்திருக்கிறது. ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் கடந்து வந்து வட இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகள் மூன்றில் ஒரு பங்கைத் ‘த்ரிதியுங்’ என்பதுபோல் சொன்னார்கள். யார்க்‌ஷையர் என்ற அங்குள்ள பகுதி அப்படி மூன்றாகப் பிரிந்தது. நார்த், ஈஸ்ட், வெஸ்ட் என்று திசைப்பெயர் முன்னால் வந்ததும், அதன் கடைசி ஒலி அடுத்த சொல்லின் ‘த்’தை விழுங்கிவிட்டது. மிஞ்சியது ‘ரைடிங்’. 1974 வரை இவை மூன்றும் நிர்வாகப் பிரிவுகளாக இருந்தன. குதிரைச் சவாரிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

(திரையில்: யார்க்‌ஷையர் வரைபடம், மூன்று நிறங்களில்.)

வரைபடத்தில் சவுத் ரைடிங்கைத் தேடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு மூன்றுதானே இருக்க முடியும்.