குரோனோஸ் விழுங்கிய கல்

அவையோருக்கு வணக்கம். கிரேக்கக் கடவுள்களை அறிமுகப்படுத்திப் பேசச் சொன்னார்கள். பன்னிரண்டு பெயரை வரிசையாகச் சொல்லி, இவருக்கு இடி, இவருக்குக் கடல், இந்த அம்மாவுக்குக் காதல் என்று இலாகா பிரித்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடலாம். அதில் எனக்கு ருசியில்லை. ஒரு கல்லிலிருந்து தொடங்குகிறேன்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பாசனியாஸ் என்றொருவர் கிரேக்க நாட்டில் ஊர் ஊராகப் போய், பார்த்ததையெல்லாம் எழுதிவைத்தார். டெல்ஃபியில் அப்பல்லோ கோயிலுக்கு அருகே ஒரு கல்லைப் பார்க்கிறார். பெரிய கல்லும் இல்லை. தினமும் அதன் மேல் எண்ணெய் ஊற்றுகிறார்கள். திருவிழா வந்தால் நூற்காத கம்பளியை எடுத்துச் சாத்துகிறார்கள். என்ன கல் இது? குரோனோஸ் தன் பிள்ளை என்று நம்பி விழுங்கி, பிற்பாடு கக்கிய கல்லாம்!

அந்தக் கதையைக் கி.மு. 700 வாக்கில் ஹெசியோட் என்ற கவிஞர் பாடியிருக்கிறார். தெய்வங்களின் பிறப்பைச் சொல்லும் அந்தப் பாட்டு ஏறத்தாழ 1,000 அடிகள். முதலில் கேயாஸ், அதாவது வாய் பிளந்த வெறுமை. அப்புறம் கையா, பூமித்தாய். அவள் பெற்ற வானமே யுரேனஸ். அவனே அவளுக்குக் கணவனும் ஆகிறான். படைத்தவர் என்று ஒருவரும் இல்லை, கவனியுங்கள். உலகம்தான் கடவுள்களைப் பெற்றுப் போடுகிறது.

யுரேனஸ் பிறந்த பிள்ளைகளை வெளிச்சத்துக்கு விடாமல் தாயின் வயிற்றுக்குள்ளேயே தள்ளுகிறான். வலி தாங்காத கையா ஓர் அரிவாள் செய்து, யார் வருகிறீர்கள் என்று கேட்கிறாள். கடைக்குட்டி குரோனோஸ்தான் முன்வருகிறான். ஒளிந்திருந்து தகப்பனின் ஆண்குறியை அறுத்துக் கடலில் எறிகிறான். அது மிதந்த இடத்து நுரையில் அப்ரொடைட்டி எழுகிறாள். காதல் தெய்வத்துக்கு இப்படியொரு பிறந்த கதை!

உனக்கும் உன் மகனால்தான் வீழ்ச்சி என்று குரோனோஸுக்குத் தெரியவருகிறது. பிறக்கப் பிறக்க ஐந்து பிள்ளைகளை விழுங்குகிறான். ஆறாவது ஜீயஸ், பிற்பாடு கடவுள்களுக்கெல்லாம் அரசன். தாய் ரேயா அவனைக் கிரீட் தீவில் ஒளித்துவிட்டு, ஒரு கல்லைக் குழந்தைத் துணியில் சுற்றிக் கொடுக்கிறாள். அவன் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் கக்கும்போது முதலில் வந்தது அந்தக் கல்தான். கடைசியாக விழுங்கியது அதுதானே! ஹெசியோட் இதை மறக்காமல் சொல்கிறார். எனக்கு அவரைப் பிடித்துப்போனதே அந்த இடத்தில்தான்.

ஆக, ஜீயஸ் இளையவன். சரி, ஹோமரின் இலியட்டைத் திறந்தால் அங்கே ஜீயஸ்தான் மூத்தவன்! சகோதரர்கள் மூவரும் சீட்டுப் போட்டுப் பாகம் பிரித்தோம், எனக்குக் கடல், ஹேடிஸுக்குப் பாதாளம், அவனுக்கு வானம், பூமியும் கடவுள்கள் வாழும் ஒலிம்பஸ் மலையும் பொது, அப்புறம் இவன் என்ன என்னை அதட்டுவது என்று பொசைடன் பொருமுகிறான். அசல் பங்காளித் தகராறு. இரண்டு பாட்டில் எது சரி என்று தீர்ப்பு சொல்ல கிரேக்கர்களிடம் வேதநூல் கிடையாது. கவிஞருக்குக் கவிஞர், ஊருக்கு ஊர் கதை மாறும்.

ஜீயஸ் மட்டும் தகப்பனைவிடத் தேவலையா? முதல் மனைவி மேட்டிஸுக்குப் பிறக்கப்போகும் மகன் தன் இடத்தைப் பிடிப்பான் என்று கேள்விப்பட்டதும், கர்ப்பிணியான அவளையே விழுங்கிவிடுகிறார். அந்த மகன் பிறக்கவேயில்லை. வயிற்றிலிருந்த பெண் அதீனா மட்டும் ஜீயஸின் தலை வழியாக வெளியே வந்தாள்.

ஏதென்ஸில் கி.மு. 447க்கும் 432க்கும் இடையே அவளுக்காகக் கட்டிய பார்த்தினன் கோயிலின் கிழக்கு முகப்பில் இந்தப் பிறப்பைத்தான் செதுக்கியிருந்தார்கள். நடுவிலிருந்த தகப்பனும் மகளும் இன்று இல்லை. ஓரத்தில் நின்ற சந்திர தேவதையின் குதிரைத் தலை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது, இரவெல்லாம் தேர் இழுத்த களைப்பில் வாய் திறந்தபடி.